எழுபது கிலோமீட்டர்

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தமிழ்த்துறைத் தலைவர் கடிதம் எழுதியிருந்தார். பணி ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை கேட்பது நம் கல்லூரியின் நல்ல மரபுகளுள் ஒன்று. பழைய நாள்களின் பெருமை நான்கு பக்கத்துக்குக் குறையாமல் வந்துசேரும் என்பது கேட்பவரின் நம்பிக்கை. அத்தகைய கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். இம்முறை பெருமைப்படுவதற்கு ஒன்றும் இல்லாத செய்தி ஒன்றை எழுத எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகளாக யாரிடமும் முழுமையாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. அதை இப்போது கிளறிவிட்டவன் என் பேரன்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அவன் கைப்பேசியில் இரண்டு தீவுகளின் பெயர்களை இட்டு, அவற்றின் விமானத் தளங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியில் புவியியல் ஆசிரியர் தந்த வேலையாம். ஒன்று நம் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த அகத்தி. மற்றொன்று மாலத்தீவின் வடபகுதியில் உள்ள ஹனிமாது. கண் இமைப்பதற்குள் விடை வந்தது: வான்வழி ஏறத்தாழ 465 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி அளவு. “தாத்தா, நாம் இரயிலில் சென்னை போவதற்கே ஐந்து மணி நேரம் ஆகிறதே!” என்று வியந்தான்.

“சரி, எந்த விமானத்தில் போவாய்?” என்று கேட்டேன். தேடினான். இரண்டு ஊர்களிலும் ஓடுபாதை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. அகத்தியில் இருப்பவர் முதலில் கிழக்கே 459 கிலோமீட்டர் பறந்து கொச்சிக்கு வரவேண்டும். அங்கிருந்து மாலத்தீவின் தலைநகரான மாலேவுக்குத் தெற்கு நோக்கி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். மாலேவிலிருந்து மறுபடியும் வடக்கே திரும்பி ஹனிமாதுவுக்கு முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. கூட்டிப் பார்த்தால் மும்மடங்குக்கு மேல் ஆகிறது. இடையில் இறங்கி ஏறிக் காத்திருக்கும் நேரத்தையும் கடவுச்சீட்டுச் சோதனையையும் சேர்த்தால், பயணம் ஒரு மணி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதிலும் கொடுமை, இலட்சத்தீவுகளுள் தெற்கே தனித்துக் கிடக்கும் மினிக்காய்த் தீவின் மக்கள் பேசுவது மாலத்தீவினர் பேசும் மொழியே. மாலத்தீவின் வடகோடி அங்கிருந்து 130 கிலோமீட்டர் அளவுதான். இடையில் இருப்பது எட்டுப் பாகைக் கால்வாய் என்னும் கடற்பரப்பு. மொழியால் ஒரே வீட்டார். போய்வர வழியோ கண்டத்தைச் சுற்றி.

இதற்கு நேர்மாறான தீவுகளும் உலகில் உள்ளன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு சிறு தீவுகள். இவற்றின் விமானத் தளங்களுக்கு இடையே 2.7 கிலோமீட்டர்தான். 1967 முதல் எட்டுப் பேர் அமரக்கூடிய சிறு விமானம் அங்கே பறக்கிறது. கால அட்டவணையில் பயண நேரம் இரண்டு நிமிடம். காற்று துணைசெய்த ஒரு நாளில் 53 வினாடியில் போய் இறங்கியதும் உண்டு. உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் என்று புத்தகங்களில் குறிக்கப்படுவது இதுவே. வேடிக்கைக்காக விட்ட விமானம் அன்று. பள்ளி ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் அதில்தான் போய்வருகின்றனர்.

பேரனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் குறிப்பெடுத்துக்கொண்டான். ஆனால் அகத்தி என்ற பெயர் காதில் விழுந்தபோதே என் மனம் வேறிடத்துக்குப் போய்விட்டது.

1994 ஆம் ஆண்டு. வகுப்பெடுப்பதோடு நம் மாணவர் விடுதியின் காப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. கீழ்த்தளத்தின் கோடி அறை ஒன்றில் இரண்டு மாணவர்கள் தங்கியிருந்தனர். ஒருவர் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. கொல்லிமலைத் தேவனூர் நாட்டினர். மற்றவர் இயற்பியல் மாணவர், அகத்தித் தீவினர். விடுதியில் இவர்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் குறைவு. ஒருவர் ‘மலை’, மற்றவர் ‘தீவு’. நானும் நாளடைவில் அப்படியே அழைக்கலானேன். இக்கட்டுரையிலும் அப்பெயர்களே போதும்.

கொல்லிமலையைத் தமிழ் படித்தவர்க்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை. வல்வில் ஓரியின் மலை. வன்பரணர் பாடிய மலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி அங்கே ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். ஆயினும் அம்மலை மேல் ‘நாடுகள்’ உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு எனப் பதினான்கு நாடுகளைச் சொல்வர். நாடு என்றால் பேரரசு என்று எண்ணவேண்டா; சிற்றூர்கள் சில சேர்ந்த ஒரு தொகுதி. இன்று அவை ஊராட்சிகள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் நெல்லும் விளைவிப்பர். பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் கீழே இறங்கி வரும். 1997 இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இம்மலை சேலம் மாவட்டத்தில் இருந்தது.

விடுதிப் பதிவேட்டில் ‘சொந்த ஊர்த் தூரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. சேர்க்கை நாளில் எல்லா மாணவரும் அதில் ஓர் எண்ணை எழுதுவர். இந்த இருவர் மட்டும் எண் எழுதவில்லை. மலை எழுதியிருந்தது: “ஒரு நாள்.” தீவு எழுதியிருந்தது: “கப்பல் இருந்தால் இரண்டு நாள்.” நான் சிவப்பு மையால் சுழித்து, கிலோமீட்டரில் எழுதுமாறு திருப்பித் தந்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது இன்றும் கண்முன் நிற்கிறது.

அவர்கள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை என்பதை வேறு எவரும் அல்லர், ஒரு தமிழாசிரியன் அறிந்திருக்கவேண்டும். நம் முன்னோர் தூரத்தைக் காலத்தால் அளந்தவர்கள். நாழிகை வழி என்பது ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவு. கூப்பிடு தூரம் என்பதோ குரலின் எல்லை. கடலோடிகளும் அவ்வாறே. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்துமாக்கடலின் வழிகளை எழுதிவைத்த அரபு மாலுமி இப்னு மாஜிதின் நூல்களில் கடல் தூரத்துக்கு ‘ஸாம்’ என்று ஓர் அளவு வரும். அது மூன்று மணி நேரக் கப்பலோட்டம்; ஒரு நாளின் எட்டில் ஒரு பங்கு. நம் சாமமும் மூன்று மணி நேரந்தானே! ஓசையிலும் அளவிலும் உள்ள இந்த ஒற்றுமையை வகுப்பில் எடுத்துக்கூறி மாணவரை மகிழ்வித்தவன் நான். வகுப்பில் சொன்னது விடுதியில் நினைவுக்கு வரவில்லை.

மலையின் தந்தையாரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். மகனைச் சேர்க்க வந்தபோது தோளில் ஒரு பலாப்பழத்தைச் சுமந்து வந்திருந்தார். அதை என் அறை வாயிலில் இறக்கிவைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். “எங்க பக்கத்துல இருந்து இவன்தான் மொதல்ல இவ்வளவு தூரம் வந்து படிக்கிறான். நீங்கதான் பாத்துக்கணும் வாத்தியாரே” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பலாப்பழத்தின் மணம் ஒரு வாரம் அறையில் இருந்தது.

ஏப்ரல் மாதம் பருவத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாள் பிற்பகல் ஒன்றரை மணி அளவில் மலையின் பெயருக்குத் தந்தி வந்தது. காப்பாளன் என்ற முறையில் நான் கையொப்பமிட்டு வாங்கினேன். பிரித்துப் பார்த்தேன். தந்தை கவலைக்கிடம், உடனே வரவும் என்ற பொருளில் நான்கைந்து சொற்கள். தந்தி என்பது 2013 ஜூலையோடு நம் நாட்டில் நின்றுபோயிற்று. அதைக் கண்டிராத இன்றைய மாணவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். ‘கவலைக்கிடம்’ என்று வரும் தந்திகளில் பாதிக்கு மேல் அக்காலத்தில் ‘இறந்துவிட்டார்’ என்றே பொருள். அனுப்புகிறவர்கள் அச்சொல்லை எழுத அஞ்சி இப்படி எழுதுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு அவருக்குத் தேர்வு. சங்க இலக்கியத் தாள். தேர்வு எழுதாவிட்டால் அத்தாள் நிலுவையில் நின்றுவிடும். கல்வி உதவித்தொகைக்கும் இடையூறு வரலாம். என் அறைச் சுவரில் ஒரு நிலப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து சென்று அளவுகோலை வைத்தேன். திருச்சிராப்பள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர் வந்தது. எழுபதுதானே! ஐந்து மணிக்குத் தேர்வு முடிந்து புறப்பட்டாலும் இரவு உணவு வேளைக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டேன். மூன்று மணி நேரத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தந்தியை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

நல்லது செய்வதாகவே நினைத்தேன். அதை மறைக்கவில்லை. தேர்வுக் கூடத்தின் வழியே ஒருமுறை நடந்தேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் சற்று நேரந்தான் என்று எண்ணினேன்.

ஐந்து மணிக்கு மலையை அறைக்கு அழைத்துவரச் செய்தேன். அறைத்தோழர் என்பதால் தீவும் உடன் வந்தார். தந்தியைக் கொடுத்தேன். மலை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எப்போது வந்தது, ஐயா?”

“மதியம்” என்றேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேறொன்றும் பேசவில்லை. பேசியவர் தீவு. குரலை உயர்த்தாமல், பணிவு குறையாமல் கேட்டார்: “நாமக்கல்லில் மலைக்குப் போகும் கடைசி வண்டி எப்போது என்று கேட்டீர்களா, ஐயா?”

நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து செம்மேட்டுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மலையேறும் வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மாலைக் கடைசி வண்டியை விட்டால் மறுநாள் காலைவரை வேறு வண்டி இல்லை. ஒன்றரை மணிக்குப் புறப்பட்டிருந்தால் அதைப் பிடித்திருக்கலாம். ஐந்து மணிக்குப் புறப்பட்டவர் பிடிக்க வழியே இல்லை. இத்தனையும் அந்த இரு மாணவர்களுக்கும் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

தீவு தன் கைவிளக்கையும் பெட்டியில் இருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். மூவரும் பேருந்து நிலையம் வரை சென்றோம். மலை நாமக்கல் வண்டியில் ஏறவில்லை. துறையூர் வண்டியில் ஏறினார். மலையின் கிழக்கு அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. ஆகாய கங்கை அருவியில் விழும் அய்யாறு மலையை விட்டு இறங்கிவரும் இடம் அது. அங்கிருந்து காட்டு வழியாக மேலே ஏற ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. இரவில் அங்கே போய்ச் சேர்ந்து, விடியற்காலையில் ஏறிவிடலாம் என்பது அவர் கணக்கு. வண்டி நகர்ந்தபோது கும்பிட்டார்.

நாங்கள் திரும்பி நடந்தபோது தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறிச் சென்றது. கொழும்பு விமானம் என்றார் தீவு. இங்கிருந்து கொழும்பு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடும். அயல்நாட்டுத் தீவின் தலைநகர் ஒரு மணி நேரம். அடுத்த மாவட்டத்து மலை ஓர் இரவும் ஒரு பகலும். இதை அவர் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி கிடைத்தது. தந்தி கொடுப்பதற்கு முந்தைய இரவே தந்தை இறந்திருக்கிறார். மகன் வருவான் என்று பகல் முழுதும் காத்திருந்திருக்கிறார்கள். கடைசி வண்டி வரும்வரை உடலை எடுக்கவேண்டா என்று பாட்டி சொல்லியிருக்கிறார். வண்டி வந்தது, அதில் அவர் இல்லை. வெயில் காலம், அதற்கு மேல் வைத்திருக்க இயலாது. விளக்கு வெளிச்சத்தில் அன்றிரவே அடக்கம் முடிந்துவிட்டது. மறுநாள் முற்பகலில் மலை ஊர் போய்ச் சேர்ந்தபோது, உறவினர் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

மே மாதம் விடுமுறை விட்டதும் துக்கம் கேட்கப் புறப்பட்டேன். தீவும் உடன் வந்தார். விடுதி வெறிச்சோடிவிட்டது, அவர் மட்டும் இருந்தார். கொச்சியிலிருந்து புறப்படும் கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது ஒன்பது நாள் கழித்துத்தான். அகத்தியில் 1988 இலேயே விமானத் தளம் திறந்துவிட்டார்கள். ஏழு கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தத் தீவின் தென்முனையில், நிலம் ஒடுங்கும் இடத்தில், இருபுறமும் கடல் பார்க்க ஓடுபாதை அமைந்திருக்கிறது. சிறு டோர்னியர் விமானங்கள் வந்துபோயின. “விமானம் எங்கள் தலைக்கு மேல் போகும், ஐயா. எங்களுக்கு டிப்பு சுல்தான்தான்” என்றார். அது கப்பலின் பெயர். பருவமழை தொடங்கிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. அவருடைய பாட்டியார் இறந்தபோது இவர் கொச்சித் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தாராம். ஜனாஸாவை வைத்துக் காத்திருப்பது எங்கள் வழக்கம் அன்று. அதனால் யாரும் காத்திருக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் கண்டுகொள்ள முடியவில்லை. அன்று மாலை என் அறையில் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எப்படி முடிந்தது என்பது மட்டும் விளங்கிற்று.

நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வந்தோம். அங்கே தொடங்குகின்றன கொண்டை ஊசி வளைவுகள். எழுபது. நிலப்படத்தில் நான் அளந்த எழுபதும் இதுவும் ஒன்றாயிருந்தது தற்செயல்தான். ஆயினும் அந்த எண் என்னை உறுத்திற்று. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பதைத் தாண்டியதும் தலை சுற்றி எண்ணிக்கை தப்பிற்று. வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது கீழே தெரியும் ஊர், அடுத்த வளைவிலும் அதே இடத்தில் தெரிகிறது. ஒரு மணி நேரம் ஏறியும் புறப்பட்ட ஊரைவிட்டு நகரவே இல்லையோ என்று தோன்றும். எதிரே பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. இரண்டும் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்ளக் கால் மணி ஆயிற்று. எந்தப் படத்தில் அந்தக் கால் மணியைக் குறித்திருக்கிறார்கள்?

சோளக்காடு தாண்டிச் செம்மேட்டில் இறங்கினோம். மலை அங்கே நின்றுகொண்டிருந்தார். மொட்டையடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. தேவனூர் நாட்டுக்கு வேறொரு வண்டி. அதற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு நடை. “பக்கம்தான், ஐயா” என்றார். முக்கால் மணி நேரம் நடந்தோம். சாமை அறுத்த காட்டின் ஓரமாகவும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் ஊடாகவும் போகும் பாதை. சமவெளியின் வெப்பம் அங்கே இல்லை. எனக்கு மூச்சு வாங்கிற்று. மூச்சு வாங்கிய ஒவ்வொரு முறையும், அந்த இரவு இருட்டில் புளியஞ்சோலையில் உட்கார்ந்திருந்த பையனை நினைத்தேன்.

பாட்டி திண்ணையில் இருந்தார். முதலில் கேட்டது, “எந்நேரம் பொறப்பட்டீங்க வாத்தியாரே?” என்பதுதான். ஊர் எது என்றோ எவ்வளவு தூரம் என்றோ கேட்கவில்லை. விடியுமுன் என்றேன். “அப்பச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். களியும் கீரையும் வந்தன. சாப்பிட்டு முடித்தபின் அவரே பேச்சை எடுத்தார். “கடைசி வண்டி சத்தம் கேட்டு அடங்குற மட்டும் வச்சிருந்தோம் சாமி. வண்டில வரலைன்னா தந்தி கைக்குப் போகலைன்னுதான நெனைக்கணும்?”

தந்தி கைக்கு வந்துவிட்டது, என் கைக்கு வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். மலை அருகில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சொல்லவேண்டா என்பது போல. நான் சொல்லவில்லை. அந்த மூதாட்டி இறக்கும்வரை அவருக்கு அது தெரியாது. மகனின் அடக்கத்துக்குப் பேரன் வராமல் போனதற்குத் தந்தி காரணம் என்றே அவர் நம்பியிருந்தார்.

இரவு அங்கே தங்கினோம். விடியற்காலையில் தீவு என்னை எழுப்பினார். “ஐயா, வந்து பாருங்கள்.” ஊரின் விளிம்பில் பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கீழே சமவெளியைக் காணவில்லை. வெண்பனி கண்ணுக்கெட்டியவரை நிரம்பிச் சமமாய்க் கிடந்தது. அதனுள்ளிருந்து தொலைவில் இரண்டொரு மலைமுடிகள் மட்டும் தலைநீட்டின. தீவு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “எங்கள் ஊர் இப்படித்தான் இருக்கும்” என்றார். உயரமான மலைமுடிகளை வான்தீவுகள் என்று உயிரியலார் அழைப்பதைப் பின்னாளில் படித்தேன். சுற்றிலும் வெப்பமான தாழ்நிலம் கடல்போலச் சூழ்வதால், மேலுள்ள செடிகொடிகளும் உயிர்களும் தீவில் உள்ளவை போலத் தனித்து வளர்கின்றனவாம். மனிதரைப் பற்றியும் அவர்கள் ஏதேனும் எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன்.

திரும்பும் வழியில் மலை செம்மேடு வரை உடன் வந்தார். அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது அக்காலத்தில் வழக்கமில்லை. சொற்கள் சரியாக வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். “தாளை நன்றாக எழுதியிருந்தேன், ஐயா” என்றார். அவ்வளவுதான். அது ஆறுதலா, குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தாளில் மலைபடுகடாம் பற்றி ஒரு வினா இருந்தது. மலைவழியின் இடுக்கண்களை, குழிகளை, வழுக்குப் பாறைகளை, பாம்புகளை, எங்கே எச்சரிக்கையாக நடக்கவேண்டும் என்பதைக் கூத்தர்க்கு ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் நூல் அது, 583 அடிகள். தூரம் எத்தனை காதம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் பெருங்கௌசிகனாருக்கு ஓரடி போதுமாயிருந்திருக்கும். அதை நான் பன்னிரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தேன்.

அதன்பின் தீவுகளைப் பற்றியும் அவற்றை அடையும் நேரத்தைப் பற்றியும் கிடைத்ததை எல்லாம் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. நெப்போலியன் 1821 மே 5 ஆம் நாள் தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினாத் தீவில் இறந்தான். ஐரோப்பாவையே நடுங்கவைத்தவனின் மரணச் செய்தி இலண்டனை அடைய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அத்தீவில் 2016 இலேயே விமானத் தளம் கட்டி முடித்தும், ஓடுபாதையின் முனையில் காற்று திடீர் திடீரெனத் திசைமாறி வீசுவதால் பயணிகள் விமானம் 2017 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள். அதற்கு அடுத்த தீவு அசென்ஷன். 1,300 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு தீவுகளிலும் ஓடுபாதை உண்டு. பறக்கும் நேரம் சில மணிகளே. ஆனால் அந்த விமானம் தொடங்கியபோது மாதம் ஒருமுறைதான் பறந்தது. அப்படியானால் செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்குப் பயண நேரம் எவ்வளவு என்று எழுதுவது? விமானம் போன மறுநாள் தந்தி பெறுகிறவனுக்கு அது ஒரு மாதம் அல்லவா? காத்திருக்கும் நேரத்தைத் தள்ளிவிட்டு ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறவர், வழியில் எப்போதும் வண்டி கிடைக்கும் ஊரில் பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும். நான் அத்தகைய ஊரில் பிறந்தவன்.

அந்த ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் விடுதிப் பதிவேட்டை மாற்றினேன். தூரம் என்ற பழைய கட்டத்தை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் நான்கு கட்டங்கள் சேர்த்தேன். கடைசி வண்டி எங்கே, எப்போது. அதை விட்டால் வேறு வழி என்ன. வண்டிக்கு அப்பால் நடை எவ்வளவு. மழைக்காலத்தில் என்ன மாறும். ஒவ்வொரு மாணவரையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்டு எழுதினோம். கொள்ளிடத்தின் நடுவே முதலைமேடு திட்டிலிருந்து வந்திருந்த மாணவர், “வெள்ளம் வந்தால் படகு, படகு வராவிட்டால் கரையில் இருக்கவேண்டியதுதான்” என்று எழுதச்சொன்னார். பச்சைமலைக்காரர் ஒருவர் துறையூரில் உறவினர் வீட்டுத் திண்ணையைத் தம் ‘வேறு வழி’யாகக் குறித்தார். எவர் பெயருக்குத் தந்தி வந்தாலும் காப்பாளர் முதலில் இந்தப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும், தேர்வானாலும் மாணவரை அந்நொடியே அழைத்துச் சொல்லவேண்டும் என்று முகப்பில் எழுதி ஒட்டினேன். தேர்வா பயணமா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். சக ஆசிரியர் சிலர் இது தேவையற்ற வேலை என்றனர். ஏன் தொடங்கினேன் என்பதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

தீவு இப்போது தம் தீவிலேயே பள்ளி ஆசிரியர். மலையும் ஆசிரியரானார், கொல்லிமலையிலேயே பணி. அவருடைய ஊருக்குப் பக்கத்தில் தார்ச்சாலை வந்துவிட்டது, கைப்பேசியும் வந்துவிட்டது. வளைவுகள் எழுபதும் அப்படியே இருக்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு வேலையாகக் கல்லூரிக்குச் சென்றபோது விடுதி அலுவலறைக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய பதிவேட்டைக் கேட்டதும் இளைஞரான காப்பாளர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். முதல் பக்கத்தின் முதல் வரி மலையின் கையெழுத்து. தேவனூர் நாடு. நாமக்கல்லில் கடைசி வண்டியைப் பிடித்தால் அன்றிரவு. விட்டால் துறையூர், புளியஞ்சோலை, மறுநாள் முற்பகல். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். தூரம் என்ற கட்டத்தை அவர் நிரப்பவில்லை. நானும் நிரப்பச் சொல்லவில்லை.